ஒருமுறை எழுதியதற்கு எத்தனை முறை கூலி? ஹாலிவுட் வேலைநிறுத்தம் பற்றி வாசகர் கேள்விகள்

2023 மே 2 அன்று அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 11,500 பேர் எழுதுவதை நிறுத்தினார்கள். 148 நாள் கழித்து, செப்டம்பர் 27 அன்றுதான் வேலைக்குத் திரும்பினார்கள். ஒரு பக்கம் அவர்களுடைய சங்கமான ரைட்டர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்கா. இனி 'கில்ட்' என்றே சொல்கிறோம். எதிர்ப்பக்கம் டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ், பாரமவுண்ட், சோனி, அமேசான் முதலிய நிறுவனங்களுக்காகப் பேரம் பேசும் ஏ.எம்.பி.டி.பி. என்ற கூட்டமைப்பு. 'வசதியாக இருப்பவர்களுக்கு இன்னும் எதற்குச் சம்பளம்?' என்று கேட்டு வந்த கடிதங்களே அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஹாலிவுட் எழுத்தாளர்களுக்கு வாரச் சம்பளமே ஆயிரக்கணக்கான டாலர் என்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு வாரத்தில் நாலைந்து லட்சம் ரூபாய். இதற்கு மேலும் கேட்பதைப் பேராசை என்று சொல்லக் கூடாதா?
– வாசகர், மதுரை

வாரச் சம்பளம் பெரியதுதான். ஆனால் ஆண்டில் எத்தனை வாரம் அந்தச் சம்பளம் வருகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு தொடருக்கு ஆண்டுக்கு 22 பகுதிகள் இருக்கும். எழுத்தாளர் குழு ஏறக்குறைய 40 வாரம் கூடி வேலை செய்யும். ஓ.டி.டி. தளங்கள் வந்த பிறகு ஒரு சீசனுக்கு 8 அல்லது 10 பகுதிகள்தான். வேலையும் பெரும்பாலும் 20, 24 வாரத்தில் முடிந்துவிடும். அடுத்த சீசன் வருமா, வந்தால் எப்போது வரும் என்பது ஒன்றரை ஆண்டு வரை தெரியாமலே போகலாம்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். வாரம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வாரம் என்றால் 2 லட்சம் டாலர். 20 வாரம் என்றால் 1 லட்சம். இந்த 1 லட்சத்தில் ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம், மேனேஜருக்கு 10 சதவீதம், ஒப்பந்தம் பார்க்கும் வழக்கறிஞருக்கு 5 சதவீதம், கில்ட் சந்தா ஒன்றரை சதவீதம். எல்லா எழுத்தாளர்களும் மூன்று பேரையும் வைத்துக்கொள்வதில்லை. வைத்திருப்பவர் கையில் 73,500 நிற்கும். ஆனால் வரி 73,500-க்கு அல்ல, முழு 1 லட்சத்துக்கும். 2017-இல் வந்த வரிச் சட்டத்துக்குப் பிறகு, மாதச் சம்பளக்காரர் போலப் பதிவாகும் எழுத்தாளர் இந்தக் கமிஷன்களை மத்திய வரியில் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது. மத்திய வரி, கலிஃபோர்னியா மாநில வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எல்லாம் போனால் தனி ஆளுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 45,000. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 2,000 டாலருக்குக் குறைந்த வாடகை அரிது. வாடகைக்கே பாதிக்கு மேல் போய்விடும். மீதியில்தான் கார், சாப்பாடு, கல்விக் கடன், அடுத்த வேலை கிடைக்கும்வரை வரும் வெறும் மாதங்கள் எல்லாம்.

இன்னொன்று மருத்துவக் காப்பீடு. 2023-இல், கில்ட் ஒப்பந்த வேலையில் ஆண்டுக்குச் சுமார் 40,000 டாலர் சம்பாதித்தால்தான் அடுத்த ஓராண்டுக்குக் காப்பீடு கிடைத்தது. அந்தக் கோட்டைத் தொடாத ஆண்டில் காப்பீடு போய்விடும். அமெரிக்காவில் அது சின்ன விஷயம் அல்ல.

எல்லாரும் இந்த நிலையில் இல்லை. கோடிகளில் வாங்குபவர்கள் உண்டு. சராசரி போட்டால் அவர்களால் எண் மேலே போய்விடும். 2023 மார்ச்சில் கில்ட் வெளியிட்ட கணக்கு நடுவில் இருப்பவரைக் காட்டியது. எழுத்தாளர்-தயாரிப்பாளர் என்ற மட்டத்தில் இருப்பவர்களின் இடைநிலை வாரச் சம்பளம் பத்தாண்டில் 4 சதவீதம் குறைந்திருந்தது. விலைவாசியைச் சேர்த்தால் 23 சதவீதச் சரிவு. ஒப்பந்தப்படி கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்யும் தொடர் எழுத்தாளர்கள் 2013–14-இல் 33 சதவீதம். 2021–22-இல் அது 49 சதவீதம். தயாரிப்பு பெருகிய அதே பத்தாண்டில் இது நடந்தது. இவை சங்கத்தின் கணக்குகள்தான்.

தச்சர் நாற்காலி செய்து கொடுத்தால் ஒருமுறைதான் கூலி. அதில் யாராவது உட்காரும்போதெல்லாம் காசு கேட்பதில்லை. எழுத்தாளருக்கு மட்டும் ஏன் ஒளிபரப்பும் போதெல்லாம் பணம்?
– வாசகி, கோயம்புத்தூர்

இந்த விவாதத்தில் அமெரிக்காவிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி இது. நாற்காலியை வாங்கியவர் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் வாடகை வாங்கினால்தான் அந்த உவமை பொருந்தும். படத்தையும் தொடரையும் நிறுவனம் அப்படித்தான் பயன்படுத்துகிறது. முதலில் ஒளிபரப்பும், பிறகு மறு ஒளிபரப்பும், பிறகு வேறு சேனலுக்கு விற்கும், வெளிநாட்டுக்கு விற்கும், கடைசியில் ஓ.டி.டி.க்கும் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் காசு வரும்.

இதற்கு அடியில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. அது தெரியாததால்தான் பலர் எழுத்தாளர் மேல் கோபப்படுகிறார்கள் என்று நினைக்கிறோம். நாவல் எழுதுபவருக்கு அதன் பதிப்புரிமை சொந்தம். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி உண்டு. ஹாலிவுட்டில் கூலிக்கு எழுதும் திரைக்கதையில், சட்டத்தின் கண்ணில் 'ஆசிரியர்' என்பவரே நிறுவனம்தான். எழுதியவர் முழு உரிமையையும் விட்டுக்கொடுக்கிறார். அப்படி விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகப் பேரம் பேசி வாங்கியதுதான் ரெசிடுவல் எனப்படும் மறுபயன்பாட்டுத் தொகை. அது கருணைப் பணம் அல்ல. விலையின் ஒரு பகுதியைப் பிறகு தருகிறேன் என்று சொல்லி நிறுத்தி வைத்த பாக்கி.

அதுவும் லேசில் கிடைக்கவில்லை. 1960 ஜனவரியில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச்சில் நடிகர் சங்கமும் சேர்ந்தது; அப்போது அதன் தலைவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன். தியேட்டர் படங்கள் டி.வி.க்கு விற்கப்பட்டால் பங்கு, ஓய்வூதியம், மருத்துவ நிதி ஆகியவை அந்தப் போராட்டத்தில் வந்தவை. 1960-க்கு முன் எடுத்த படங்களுக்கான பங்கை அவர்கள் கைவிட வேண்டியிருந்தது.

பழைய டி.வி. ஒப்பந்தத்தில் மறு ஒளிபரப்புக்குக் கிடைக்கும் தொகை ஒவ்வொரு முறையும் படிப்படியாகக் குறையும். 13-வது முறைக்குப் பிறகும் குறைந்தபட்சக் கூலியில் 5 சதவீதம் வந்துகொண்டே இருக்கும். ஒரு தொடர் நன்றாக ஓடினால் பல சேனல்களில் பல ஆண்டு ஓடும். வேலை இல்லாத காலத்தில் எழுத்தாளர் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் காசோலைகளால்தான். ஓ.டி.டி.யில் 'மறு ஒளிபரப்பு' என்பதே கிடையாது. தொடர் தளத்திலேயே கிடக்கும். ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை உண்டு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். 2023 ஒப்பந்தம் வரும்வரை, ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் அந்தத் தொகை மாறாமல்தான் இருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கில்டுக்குச் சொல்லவும் இல்லை.

ஆக, வாரங்கள் பாதியானதும் மறுபயன்பாட்டுப் பணம் வறண்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. பழைய முறையில் ஒன்று குறைந்தால் இன்னொன்று தாங்கும். 2023-இல் தாங்க எதுவும் இல்லை. சண்டை இதற்காகத்தான்.

டிவிடி காலத்தில் ஏமாந்துவிட்டோம் என்று அவர்கள் அடிக்கடி சொல்வது ஏன்?
– வாசகர், ஈரோடு

வீட்டு வீடியோ புதிதாக வந்தபோது கேசட் தயாரிக்கச் செலவு அதிகம் என்றார்கள். அதனால் 1985-இல், வருமானத்தில் 20 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுத்து, அதில் முதல் 10 லட்சம் டாலர் வரை 1.5 சதவீதம், பிறகு 1.8 சதவீதம் எழுத்தாளருக்கு என்று முடிவானது. ஒரு வட்டு மொத்த விலையில் 15 டாலர் என்றால் கணக்கில் வருவது 3 டாலர். அதில் ஒன்றரை சதவீதம் நாலரை சென்ட். பிறகு வட்டு செய்யும் செலவு அடிமட்டத்துக்கு வந்தது. விகிதம் மட்டும் மாறவே இல்லை. 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை நடந்த 100 நாள் வேலைநிறுத்தத்தில் இதை இரட்டிப்பாக்கக் கேட்டு, கடைசியில் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக இணையத்துக்கு எழுதுவதும் கில்ட் ஒப்பந்தத்துக்குள் வரும் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு இணையத்தில் பெரிதாகக் காசு இல்லை. 'இல்லாத பணத்துக்காகவா சண்டை?' என்று கேட்டவர்கள் ஏராளம். அன்று அதைப் பிடித்திருக்காவிட்டால், பின்னால் ஓ.டி.டி. தளங்கள் சொந்தமாகத் தொடர் எடுக்கத் தொடங்கியபோது எழுத்தாளருக்குக் குறைந்தபட்சக் கூலிகூட இருந்திருக்காது.

'மினி ரூம்' என்றால் என்ன?
– வாசகி, திருச்சி

தொடர் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே மூன்று, நான்கு எழுத்தாளர்களைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கூட்டி, 8, 10 வாரத்தில் முழு சீசனின் கதையையும் பிரித்து எழுதி வாங்கிக்கொள்வது. பிறகு அவர்களை அனுப்பிவிடுவார்கள். படப்பிடிப்பின்போது தலைமை எழுத்தாளரான ஷோரன்னர் மட்டும் இருப்பார்.

இதில் பணத்தைவிடப் பெரிய கேடு பயிற்சி அறுந்துபோவது. முன்பெல்லாம் இளைய எழுத்தாளர் தான் எழுதிய பகுதி படமாகும்போது செட்டில் இருப்பார். மழை வந்து வெளிப்புறக் காட்சி ரத்தானால் உள்ளேயே நடக்கிற மாதிரி அங்கேயே மாற்றி எழுதுவார். பட்ஜெட், நடிகரின் தேதி, எடிட்டிங் எல்லாம் அப்படித்தான் பழகும். பத்தாண்டில் அவரே ஷோரன்னர் ஆவார். செட்டுக்கே போகாத எழுத்தாளரிடம் நாளைக்கு ஒரு தொடரை ஒப்படைத்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

நிறுவனங்களே நஷ்டத்தில் இருந்தபோது கேட்டது சரியா? டிஸ்னி தலைவர்கூட 'நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு' என்றாரே.
– வாசகர், சேலம்

நஷ்டம் பொய் இல்லை. 2022 நிதியாண்டில் டிஸ்னியின் ஓ.டி.டி. பிரிவுக்குச் சுமார் 400 கோடி டாலர் இழப்பு. ஆனால் அதே 2022-இல் நெட்ஃபிளிக்ஸின் நிகர லாபம் ஏறக்குறைய 450 கோடி டாலர். எல்லா நிறுவனங்களும் ஒரே நிலையில் இல்லை. மேசையில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள்.

கேட்ட தொகை எவ்வளவு? கில்டின் கணக்குப்படி அவர்களுடைய கோரிக்கைகளுக்கு எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஆண்டுக்குக் கூடுதலாக 42.9 கோடி டாலர் செலவழிக்க வேண்டும். நிறுவனங்கள் முதலில் தர முன்வந்தது 8.6 கோடி. 42.9 கோடியில் டிஸ்னியின் பங்கு 7.5 கோடி, அதாவது அதன் ஆண்டு வருவாயில் 0.091 சதவீதம். நெட்ஃபிளிக்ஸின் பங்கு 6.8 கோடி, வருவாயில் 0.214 சதவீதம். ஆயிரம் ரூபாய் வியாபாரத்தில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும். ஓ.டி.டி. நஷ்டத்துக்குக் காரணம் ஒருவரோடு ஒருவர் போட்டிபோட்டு, செலவுக்கும் குறைவான சந்தாவில் ஆள் சேர்த்தது. அந்த முடிவை எடுத்த அறையில் எழுத்தாளர் யாரும் இல்லை.

எழுத்தாளர் பக்க வாதங்களில் ஒன்றை மட்டும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023-இல் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் தலைவராக இருந்த டேவிட் ஸாஸ்லவுக்கு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஊதியம் 24.6 கோடி டாலர் என்று பதாகை பிடித்தார்கள். அதில் பெரும்பகுதி பங்கு விலை ஏறினால் மட்டுமே பணமாகும் பங்குரிமை. கேட்பவருக்குக் கோபம் வரும், ஆனால் எழுத்தாளருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை அது நிறுவாது. 0.091 சதவீதம் நிறுவும்.

பொதுமக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கும் எண் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் கேலப் நடத்திய கருத்துக்கணிப்பில் 72 சதவீதத்தினர் எழுத்தாளர் பக்கம். நிறுவனங்கள் பக்கம் 19 சதவீதம்.

எழுத்தாளர் நிறுத்தியதால் லைட்மேன், டிரைவர், கேட்டரிங்காரர் எல்லாரும் ஐந்து மாதம் பட்டினி கிடந்தார்களே! அவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தில் என்ன கிடைத்தது?
– வாசகி, திருநெல்வேலி

நேரடியாக ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த விவாதத்தில் மிகக் கனமான கேள்வி இதுதான்.

வேலை இழந்த லைட்மேனும் ஒப்பனையாளரும் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அல்ல என்பதால் கலிஃபோர்னியாவில் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதன் உச்சவரம்பு வாரம் 450 டாலர். முன்னே சொன்ன வாடகையோடு வைத்துப் பாருங்கள், எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் அதுவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அவர்களுக்கும் தரலாம் என்று சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, போராட்டம் முடிந்த மூன்றாம் நாள், செப்டம்பர் 30 அன்று, ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்தார். நியூயார்க்கில் அப்போது 14 நாள் கழித்துக் கிடைத்தது. ஒரே சங்கம், ஒரே போராட்டம். மாநிலத்தைப் பொறுத்துச் சோறு.

காமெராவுக்குப் பின்னால் வேலை செய்யும் தொழிலாளர்களின் மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அவர்கள் வேலை செய்த மணிநேரம்தான் கணக்கு. ஐந்து மாதம் மணிநேரம் ஏறாவிட்டால் அந்த அடி பிறகும் தொடரும். வாடகைக்குப் பொருள் தரும் கடைகளுக்கும் சமையல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் அந்த ஆண்டு மீளாத இழப்பு.

ஆனால் இந்த ஐந்து மாதத்தின் பழியை ஒரு தரப்பின் தலையில் மட்டும் ஏற்ற முடியாது. மே தொடக்கத்தில் பேச்சு முறிந்த பிறகு மூன்று மாதம் நிறுவனங்கள் எழுத்தாளரை மேசைக்கே கூப்பிடவில்லை. ஜூலை 14 அன்று நடிகர்களும் வெளியேறினார்கள்; இரண்டு சங்கமும் சேர்ந்து நின்றது 1960-க்குப் பிறகு அதுவே முதல்முறை. கடைசியில், செப்டம்பர் 20 முதல் நிறுவனத் தலைவர்களே நேரில் வந்து உட்கார்ந்தபோது ஐந்தே நாளில் உடன்பாடு ஆனது. ஐந்து நாளில் முடியக்கூடிய பேச்சு ஜூனிலேயே நடந்திருக்கலாம். அந்தக் கோடை முழுவதும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த டிரைவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

பத்துப் பேர் பதாகை பிடித்து நின்றால் படப்பிடிப்பு எப்படி நிற்கும்?
– வாசகர், நாகர்கோவில்

லாரியால் நிற்கும். விளக்கு, ஜெனரேட்டர், கேரவன் எல்லாவற்றையும் ஓட்டுவது டீம்ஸ்டர்ஸ் என்ற போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தினர். மறியல் வரிசையைத் தாண்டிப் போகமாட்டேன் என்று அந்தச் சங்கத்தவர் மறுக்கலாம். அதற்காக வேலையை விட்டு நீக்க முடியாது என்று அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே பாதுகாப்பு உண்டு. அதனால் எழுத்தாளர்கள் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே, முதல் லாரி வருவதற்கு முன், படப்பிடிப்பு இடத்தின் வாசலில் நிற்பார்கள். கேட்டில் மூன்று பேர் நடந்தாலும் லாரி திரும்பிவிடும். ஜெனரேட்டர் உள்ளே போகாவிட்டால் விளக்கு எரியாது. ஒரு நாள் படப்பிடிப்பு போனால் லட்சக்கணக்கான டாலர் போகும்.

இதைச் சமாளிக்க ஸ்டுடியோக்கள் ஒரு வாசலை 'நடுநிலை வாசல்' என்று அறிவிக்கும். தகராறில் சம்பந்தப்படாத நிறுவனங்களின் ஆட்கள் மட்டும் அதன் வழியே போகலாம். அங்கே மறியல் கூடாது. சம்பந்தப்பட்டவர்கள் அந்த வாசலைப் பயன்படுத்தினால் அதன் நடுநிலை கெட்டுவிடும், அங்கேயும் மறியல் செய்யலாம். அதனால் எந்த வண்டி எந்த வாசலில் எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார்கள்.

வெயிலும் ஒரு பிரச்சினை. ஜூலையில், யுனிவர்சல் ஸ்டுடியோ வாசலில் மறியல்காரர்களுக்கு நிழல் தந்துகொண்டிருந்த ஃபைக்கஸ் மரங்களின் கிளைகள் மொட்டையாக வெட்டப்பட்டன. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய வாரம். வழக்கமாக ஆண்டுதோறும் பாதுகாப்புக்காக வெட்டுவதுதான் என்றது நிறுவனம். அவை மாநகராட்சியின் மரங்கள், வெட்ட அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்று நகரத் தணிக்கை அதிகாரி அறிவித்தார். 250 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வாரக்கணக்கில் நடந்த பேச்சுவார்த்தைச் செய்திகளைவிட, இலையில்லாமல் நின்ற அந்த மரங்களின் படம்தான் பொதுமக்கள் மனத்தில் தைத்தது.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் காலத்தில் எழுத்தாளருக்கு ஏன் பயம்? எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டுமே.
– வாசகர், சென்னை

இயந்திரம் நன்றாக எழுதிவிடும் என்பதைவிட, மோசமாக எழுதினாலும் கூலியைக் குறைத்துவிடும் என்பதுதான் அவர்கள் பயம். அது எப்படி என்பதை விளக்க வேண்டும்.

கில்ட் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு திரைக்கதை எழுதுவதற்கு ஒரு விலை. ஏற்கெனவே உள்ளதைத் திருத்தி எழுதுவதற்கு அதைவிடக் குறைந்த விலை. நாவல் போன்ற மூலம் ஒன்று இருந்தால், திரையில் வரும் பெயரும் மாறும், அதைச் சார்ந்த சில உரிமைகளும் போகும். நிறுவனம் ஓர் இரவில் ஏ.ஐ.யிடம் 100 பக்கம் வாங்கி, 'இதுதான் மூலக்கதை, இதைக் கொஞ்சம் சரிசெய்து கொடு' என்று எழுத்தாளர் முன் போட்டால் என்ன ஆகும்? அந்த 100 பக்கத்தில் ஒரு வரியும் தேறாவிட்டாலும், எழுத்தாளர் முழுவதையும் புதிதாக எழுதினாலும், கூலி திருத்தக் கூலிதான்.

2023 ஒப்பந்தம் இந்த வழியை அடைத்தது. ஏ.ஐ. எழுதியது இலக்கியப் படைப்பும் அல்ல, மூலமும் அல்ல. எழுத்தாளரிடம் கொடுக்கும் எதிலாவது ஏ.ஐ. எழுதியது இருந்தால் நிறுவனம் அதைச் சொல்லியாக வேண்டும். எழுத்தாளர் விரும்பினால், நிறுவனம் சம்மதித்தால் பயன்படுத்தலாம். பயன்படுத்து என்று கட்டாயப்படுத்த முடியாது. எழுத்தாளர்களின் பழைய திரைக்கதைகளைக் கொண்டு ஏ.ஐ.யைப் பயிற்றுவிப்பது மட்டும் தீர்க்கப்படாமல் நின்றது. அதை எதிர்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று கில்ட் எழுதி வைத்துக்கொண்டது. எங்கள் கருத்தில் அதுதான் அந்த ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை.

கடைசியில் என்ன கிடைத்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகி, வேலூர்

குறைந்தபட்சக் கூலி உடனே 5 சதவீதம், 2024 மே மாதம் 4, 2025 மே மாதம் 3.5 சதவீதம் உயர்வு. கேட்டது 6, 5, 5. மருத்துவ நிதிக்கு நிறுவனம் தரும் பங்கு 12 சதவீதம். சீசனில் 6 பகுதி வரை என்றால் குறைந்தது 3 எழுத்தாளர், 7 முதல் 12 என்றால் 5, அதற்கு மேல் 6. ஒருவரே முழுத் தொடரையும் எழுதினால் இந்த விதி இல்லை. மினி ரூமில் மூவரைக் கூட்டினால் 10 வாரம் உறுதி. மொத்த மதிப்பு ஆண்டுக்கு 23.3 கோடி டாலர் என்பது கில்டின் கணக்கு. அக்டோபர் 9 அன்று 99 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அதன் காலம் 2026 மே 1 வரை.

புதிதாக வந்த பார்வையாளர் போனஸை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தொடர் வெளியான முதல் 90 நாளில், அந்தத் தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்குச் சமமான பார்வைகள் வந்தால் போனஸ். பார்வை என்பது, உள்நாட்டில் பார்க்கப்பட்ட மொத்த மணிநேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து வருவது. உள்நாட்டில் 5 கோடி சந்தாதாரர் உள்ள தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் 1 கோடி. தொடர் மொத்தம் 8 மணிநேரம் என்றால் 90 நாளில் 8 கோடி மணிநேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். எட்டினால், அரைமணிப் பகுதிக்கு 9,031 டாலர், ஒரு மணிப் பகுதிக்கு 16,415 டாலர் கூடுதல். அந்தப் பகுதியில் பெயர் வந்த எழுத்தாளருக்கு மட்டுமே இது. கதை விவாதத்தில் இருந்து பெயர் வராத இளைய எழுத்தாளருக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு உயரமான கோட்டைச் சில தொடர்கள்தான் தாண்டும். அப்படியிருந்தும், எத்தனை மணிநேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கைக் கில்டுக்கு ரகசியமாகவாவது காட்டியாக வேண்டும் என்பது வந்ததே பெரிய வெற்றி. எண் தெரிந்தால்தான் அடுத்த பேரம் பேச முடியும்.

கூலி ஏறியது, ஆனால் வேலையே போய்விட்டது என்கிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

உண்மைதான். கில்டே வெளியிட்ட கணக்கு: 2023–24 பருவத்தில் தொலைக்காட்சி எழுத்து வேலைகள் முந்தைய பருவத்தைவிட 42 சதவீதம் குறைந்தன. அந்தப் பருவத்தில் பல மாதங்கள் வேலைநிறுத்தத்தில் போனது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. 2022-இல் அமெரிக்காவில் 599 தொடர்கள் வந்தன, அதுவே உச்சம். சந்தாதாரர் எண்ணிக்கை முக்கியமில்லை, லாபம் காட்டு என்று பங்குச் சந்தை கேட்கத் தொடங்கியதும் நிறுவனங்கள் வேலைநிறுத்தத்துக்கு முன்பே செலவை வெட்ட ஆரம்பித்திருந்தன. ஒப்பந்தத்தால் ஒரு வேலைக்கான விலையை நிர்ணயிக்க முடியும். எத்தனை வேலை என்பதை நிர்ணயிக்க முடியாது. இதைச் சொல்லாமல் வெற்றி வெற்றி என்று மட்டும் எழுதினால், வேலையில்லாமல் இருக்கும் எழுத்தாளருக்கு நாம் செய்யும் அநியாயம்.

நம் ஊர் திரைக்கதை எழுத்தாளர்களுக்கு இப்படி மறுபயன்பாட்டுப் பங்கு உண்டா?
– உதவி இயக்குநர் ஒருவர், சென்னை வளசரவாக்கம்

சட்டத்தில் உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவைப் படியுங்கள். படத்தில் சேர்க்கப்பட்ட எழுத்துப் படைப்பின் ஆசிரியர், தியேட்டரில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கு, உரிமை வாங்கியவருக்குச் சமமாக ராயல்டி பெறும் உரிமையை எழுதிக் கொடுக்கவோ விட்டுக் கொடுக்கவோ முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம். அமெரிக்க எழுத்தாளருக்குச் சட்டமே தராததை நம் சட்டம் தருகிறது. அங்கே இருப்பதும் இங்கே இல்லாததும், எல்லாத் தயாரிப்பாளரையும் கட்டுப்படுத்தும் ஒரே குறைந்தபட்ச ஒப்பந்தமும், காசை வசூலித்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும்.

ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் நீங்களே பார்க்க வேண்டியவை: பவுண்ட் ஸ்கிரிப்டை (முழுதாக எழுதி முடித்த திரைக்கதைப் பிரதியை) யாரிடமும் கொடுப்பதற்கு முன் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். கதை, திரைக்கதை, வசனம் மூன்றில் எதை விற்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். டைட்டில் கார்டில் பெயர் எப்படி வரும் என்பதையும். பணத்தை முன்பணம், முதல் வரைவு, பவுண்ட் ஸ்கிரிப்ட் என்று நீங்கள் வேலையை ஒப்படைக்கும் நாளோடு கட்டுங்கள். 'ரிலீஸின்போது' என்று எழுதிய தவணை, படம் நின்றுபோனால் வராது. எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதற்கு எண் போடுங்கள். இரண்டுக்கு மேல் போனால் தனிக் கூலி. 'எல்லா ராயல்டியையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் 18-வது பிரிவைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால், மறுத்ததை ஒரு மின்னஞ்சலிலாவது பதிவாக்கி வையுங்கள்.